கிளினிக்குக்கு அம்மம்மாமாரையும் அழையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் எங்கள் அயல் வீட்டில் பேரப்பிள்ளைக்கு, பல் முளைக்கத் தொடங்கும்போது செய்யும் சடங்காகப் பல்லுக்கொழுக்கட்டை கொட்டினார்கள். பிள்ளையை வெள்ளை விரிப்பில் இருத்தி, தலைக்கு மேலே துணி பிடித்து, தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லுப் போலப் பதித்த கொழுக்கட்டைகளை மெல்லச் சொரிந்து, முன்னால் வைத்த தட்டிலிருந்து புத்தகத்தை எடுக்கிறானா, காப்பை எடுக்கிறானா என்று எல்லோரும் ஆவலோடு பார்த்திருந்தோம். சடங்கு முடிந்த பின்னர் விறாந்தையில் கூடியிருந்த பெண்கள் கதைத்த கதைதான் என்னை இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. இரவில் பிள்ளை முரசு (பல் ஈறு) நோவில் அழுவதாகத் தாய் சொன்னதும், ஒருவர் முரசில் காட்டுத்தேன் தடவச் சொன்னார்; இன்னொருவர் வசம்பு சுட்டு உரைத்துக் கொடுக்கச் சொன்னார்; மூன்றாமவர் வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டியில் இருந்ததாகச் சொல்லி விறைக்கச் செய்யும் ஜெல் ஒன்றை எடுத்து வந்தார்; பிள்ளையின் கழுத்தில் ஏற்கெனவே கனடாவிலிருந்து சித்தி அனுப்பிய அம்பர் மணி மாலை கிடந்தது. எல்லோரும் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அந்த நான்கில் ஒன்றுகூடப் பிள்ளைக்குப் பாதுகாப்பானதல்ல. பிள்ளைக்குத் தேன் கூடாது என்று கிளினிக்கில் தனக்குச் சொல்லப்பட்டிருந்ததை அந்த இளம் தாய் பிறகு என்னிடம் தனியாகச் சொன்னாள். பெரியவர்கள் சொல்லும்போது மறுத்துப் பேச அவளால் முடியவில்லை.

அவளைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, ஏனெனில் இரண்டு வருடங்களுக்கு முன்னர் என் வீட்டில் மறுத்துப் பேச விடாத பெரியவராக இருந்தவள் நான்தான். என் மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடியற்காலை பஸ் ஏறினால் பொழுது பட்டுத்தான் வீடு திரும்புவாள். அந்த நேரமெல்லாம் பேரன் என் மடியில்தான் இருந்தான். எட்டாம் மாதத்தில் அவனுக்கு வீணீர் ஓயாமல் வடிந்தது, கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்தான், கீழ் முரசு சிவந்து தடித்திருந்தது. அதன் பின் காய்ச்சல் வந்தது. "பல்லுக் காய்ச்சல், மூன்று நாளில் தானாக விடும்" என்று நானே சொன்னேன். மருந்துக் கடையில் கேட்டபோது அங்கும் அதையே சொல்லி, பிள்ளையின் வயதையோ நிறையையோ கேட்காமல் ஒரு பாணிப் போத்தலைத் தந்தார்கள். வைத்தியசாலைக்குப் போவோம் என்று மகள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் நாள் அவன் பாலைக் குடிக்காமல் தலையைத் தோளில் சாய்த்தபடி கிடந்தபோதுதான் ஓட்டோ பிடித்தோம். வைத்தியசாலையில் சிறுநீரைப் பரிசோதித்து, சிறுநீரில் கிருமித் தொற்று என்று சொல்லி, நாளத்தின் வழியாக மருந்து ஏற்றினார்கள். பிள்ளை சுகமாகி வந்தான். இரண்டு கிழமை கழித்து, கஞ்சி ஊட்டும்போது கரண்டி அவன் வாயில் 'டிக்' என்று பட்டது. விரலை விட்டுப் பார்த்தேன், அரிசிக் குறுணி போல ஒரு முனை. நான் காய்ச்சலுக்குப் பழி போட்ட பல், காய்ச்சல் வந்தபோது முளைத்திருக்கவே இல்லை.

அந்த நாளிலிருந்து இதைப் பற்றி வாசித்தும், எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியர்களிடமும் கேட்டும் அறிந்துகொண்டவற்றை என்னைப் போன்ற அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும் சொல்ல விரும்புகிறேன்.

முதற்பல் பெரும்பாலும் ஆறாம் மாதமளவில், கீழ் வரிசையின் நடுவில் முளைக்கும். சில பிள்ளைகளுக்கு நான்காம் மாதத்திலும், சிலருக்கு ஒரு வயதை ஒட்டியும் முளைப்பது இயல்பே. பாற்பற்கள் இருபதும் வந்து முடிய இரண்டரை, மூன்று வயதாகிவிடும். ஆகவே பிள்ளையின் முதல் மூன்று வருடங்களில் எந்த நாளில் எந்த நோய் வந்தாலும் அதற்கு அருகில் ஏதோ ஒரு பல் முளைத்துக்கொண்டுதான் இருக்கும்; பழியைப் பல்லின் மேல் போடுவது இதனால்தான் நமக்கு அவ்வளவு இலகுவாக இருக்கிறது. அத்தோடு, தாயிடமிருந்து கருவில் பெற்ற நோயெதிர்ப்பு குறையத் தொடங்குவதும், தாய்ப்பாலோடு மேலதிக உணவு தொடங்குவதும், பிள்ளை தவழ்ந்து நிலத்தில் கிடந்ததை வாயில் வைப்பதும், ஆறாம் மாத ஐங்கூட்டுத் தடுப்பூசி போடுவதும் எல்லாம் இதே காலத்தில்தான். வயிற்றோட்டத்துக்கும் காய்ச்சலுக்கும் இத்தனை காரணங்கள் கண்முன்னே இருக்க, முரசுக்குள் இருக்கும் பல்லை மட்டும் குற்றவாளியாக்குகிறோம்.

அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகளின் பெற்றோர் நாள்தோறும் எழுதிய குறிப்புகளைக் கொண்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, பல்லோடு தொடர்புள்ள தொல்லைகள் பல் வெளிவருவதற்கு முந்திய நான்கு நாட்களிலும், வெளிவரும் நாளிலும், அடுத்த மூன்று நாட்களிலும் மட்டுமே காணப்பட்டன என்று காட்டியது. கடித்தல், வீணீர் வடிதல், முரசைத் தேய்த்தல், சிணுங்கல், நித்திரைக் குறைவு, உடம்பு சற்றுச் சூடாதல் போன்றவையே அந்தத் தொல்லைகள். 2016 இல் பிரேசில் ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், பல் முளைப்பதால் உடல் வெப்பம் சிறிது உயரலாமே தவிர அது காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்குப் போவதில்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். வெப்பமானியில் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைற் காட்டினால் அது பல் அல்ல. நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது போதாது. ஒரு வெப்பமானி ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும்.

வன்னியில் நாங்கள் ஒரு காலத்தில் இதை நன்றாக அறிந்திருந்தோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மலேரியா இருந்த நாட்களில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பல்லா, பசியா என்று யாரும் ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. முதலில் இரத்தம் குத்திப் பார்க்கக் கொண்டுபோவோம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அந்தப் பயம் போனதோடு அந்த அவசரமும் போய்விட்டது. ஆனால் டெங்கு போகவில்லை. மாரி மழைக்குப் பின் கிணற்று நீர் கலங்கும் காலத்தில் வரும் வயிற்றோட்டமும் போகவில்லை. "பல்லுக் கழிச்சல்" என்று விட்டுவிட்டால் சின்னப் பிள்ளையின் உடம்பில் நீர் வற்றுவதற்கு ஒரு நாள் போதும். அந்த வேளையில் தாய்ப்பாலை நிறுத்தாமல், வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனித் தூளைச் சொன்ன அளவில் கொதித்தாறிய நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்கிக்கொண்டு வைத்தியரிடம் போக வேண்டும். பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், சிறுநீர் குறைதல், வலிப்பு, உடம்பில் தடிப்பு ஆகியவற்றில் எதைக் கண்டாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

இனி நோவைத் தணிப்பது பற்றி. இதற்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நகம் வெட்டிய சுட்டுவிரலால் தடித்த முரசின் மேல் சற்று அழுத்தி, இரண்டு நிமிடம் மெல்லத் தேய்த்துவிடுங்கள். முதலில் பிள்ளை முகத்தைத் திருப்பும். பிறகு விரலைத் தானே பிடித்து இழுத்து, அழுத்தமாகக் கடித்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடும். உள்ளிருந்து மேலே தள்ளும் பல்லுக்கு எதிராக வெளியிலிருந்து வரும் அழுத்தமே அதற்கு ஆறுதல். குளிர்ச்சி இரண்டாவது ஆறுதல். பழைய பருத்தி வேட்டியில் கைக்குட்டை அளவு கிழித்து, அவித்துக் காயவைத்து, கொதித்தாறிய நீரில் நனைத்துப் பிழிந்து, குளிர்சாதனப் பெட்டியில் சற்று நேரம் வைத்துக் கடிக்கக் கொடுக்கலாம். பெட்டி இல்லாத வீட்டில் அந்த நீரையே மண்பானையில் ஊற்றி வைத்தால் போதும். பானைக் குளிர் பிள்ளையின் முரசுக்கு அளவான குளிர். உறைநிலையில் கல்லாக இறுகிய எதையும் கொடுக்கக் கூடாது, அது முரசைப் புண்ணாக்கும். இறப்பர்க் கடிவளையம் வாங்குவதானால் உள்ளே நீர் நிரப்பாத, ஒரே துண்டாக வார்த்ததை வாங்குங்கள். அதைக் கழுத்தில் கயிறு கோர்த்துக் கட்டாதீர்கள், நிலத்தில் விழுந்தால் சேலையில் துடைத்து வாயில் வைக்காமல் கழுவிக் கொடுங்கள்.

கடிப்பதற்கென்று கரட் துண்டும், அவித்த பனங்கிழங்கும், ரஸ்க்கும் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளில் உண்டு. முளைத்த முன்பல் துண்டைக் கடித்து எடுக்கும். அரைப்பதற்குக் கடைவாய்ப்பல் வர இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. அந்தத் துண்டு மூச்சுக்குழலை அடைத்தால் வைத்தியசாலை எட்டாத தூரம். பனங்கிழங்கின் தும்பு தொண்டையில் சிக்குவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். பல்லுக்கொழுக்கட்டை அன்று விரிப்பில் சிதறும் தேங்காய்ச் சொட்டுகளையும், பிள்ளையின் கை அதில் படுவதற்கு முன் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். மேலதிக உணவு தொடங்கிய பிள்ளைக்குக் குளிர்ந்த தயிரோ, மசித்துக் குளிரவைத்த வாழைப்பழமோ போதுமானது.

வீணீர் வடிந்து நாடியும் கழுத்து மடிப்பும் சிவந்து புண்படுவதும் பிள்ளையின் அழுகைக்கு ஒரு காரணம். தேய்த்துத் துடைக்காமல் மெல்லிய துணியால் ஒற்றியெடுத்து, நித்திரைக்கு முன் தேங்காய் எண்ணெயோ வஸலினோ மெல்லப் பூசி, நனைந்த சட்டையை மாற்றிவிடுங்கள்.

பால் கொடுக்கும் தாய்மார் பிள்ளை கடிக்கிறது என்று பாலை நிறுத்திவிடுவதைப் பார்க்கிறேன். அது வேண்டாம். வாய் நிறையப் பால் இழுத்துக் குடிக்கும் பிள்ளையால் கடிக்க முடியாது, ஏனெனில் அதன் நாக்கு கீழ் முரசை மூடியிருக்கும். பசி அடங்கி, விளையாட்டாகச் சூப்பத் தொடங்கும்போதே கடி வருகிறது. அந்த நேரத்தைக் கவனித்து, சின்னி விரலை வாயின் ஓரத்தில் நுழைத்து மெல்ல விடுவித்துவிட வேண்டும். பால் கொடுப்பதற்கு முன் முரசைத் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது. நோவில் இருக்கும் பிள்ளைக்குத் தாயின் நெஞ்சைவிட வேறு ஆறுதல் இல்லை; ஆகவே இரவில் வழமையைவிட அதிகமாகக் கேட்டால் அதைப் பழக்கக் கேடு என்று எண்ணாமல் கொடுக்கட்டும்.

இவை எதற்கும் அடங்காமல் பிள்ளை துடித்தால், வைத்தியர் எழுதிய பரசிற்றமோல் பாணியை ஓரிரு தடவை கொடுக்கலாம். ஒரு கிலோ நிறைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பதே கணக்கு. ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. பாணிக்குப் பாணி செறிவு வேறுபடும், சொட்டு மருந்து அதைவிடச் செறிவானது. ஆகவே "என் பேத்திக்கு இவ்வளவு கொடுத்தேன்" என்று அயல்வீட்டுக் கரண்டி அளவைக் கடன் வாங்காதீர்கள். அஸ்பிரின் பிள்ளைக்கு ஒருபோதும் கூடாது. டெங்கு உள்ள எங்கள் பகுதியில் காய்ச்சலுக்கு இபுபுரோபனையும் தாமாகக் கொடுக்கக் கூடாது.

தேனைப் பற்றி எழுதுவது எனக்குக் கடினம். முல்லைத்தீவுக் காட்டின் தேன் எங்கள் பெருமை; யாழ்ப்பாணத்துக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் ஒரு போத்தல் கொண்டுபோவோம். அது நல்ல தேன்தான், கலப்படமற்ற தேன்தான். ஆயினும் எந்தத் தேனிலும் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். வளர்ந்தவரின் குடல் அவற்றை முளைக்க விடாது. ஒரு வயது நிரம்பாத பிள்ளையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். 1976 இல்தான் கைக்குழந்தைகளில் இந்நோய் முதன்முதலாக இனங்காணப்பட்டது. மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, பால் இழுக்கும் வலு குறைந்து, இமை தொங்கி, கழுத்துத் துவண்டு, மூச்சு வரை போகும் நோய் அது. காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாவதில்லை, விரல் நுனியளவு என்பதும் காப்பாகாது. எங்கள் தாய்மார் தந்தார்களே, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, இது அரிதாகவே வரும் நோய், ஆனால் வரும் பிள்ளைக்கு அது முழுமையாக வரும் என்பதே. முதலாவது பிறந்தநாள் வரை போத்தலை மேல்தட்டில் வையுங்கள். வசம்பும் அப்படியே: அதில் உள்ள அசரோன் என்னும் பொருளின் காரணமாக 1968 இலேயே அமெரிக்கா அதை உணவில் சேர்ப்பதைத் தடை செய்துவிட்டது. பிள்ளையின் கையில் கட்டிய வசம்புத் துண்டைப் பிள்ளை இரவு பகலாகச் சூப்புவதையும் நாம் கவனிப்பதில்லை.

ஊர் மருந்துக்குப் பயந்து வெளிநாட்டு மருந்துக்கு ஓடுவதும் சரியல்ல. விறைக்கச் செய்யும் பென்சோகேன் கலந்த முரசு ஜெல்கள் இரத்தத்தின் ஒட்சிசன் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்து, உதடு நீலம் பாயச் செய்யலாம் என்பதால், அவற்றைக் குழந்தைகளுக்கு விற்க வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 இல் அறிவித்தது. லிடோகேன் கலந்தவற்றுக்கு 2014 இலேயே கடும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. வீணீரோடு விழுங்கப்பட்டால் அது வலிப்பையும் இதயக் கோளாறையும் தரவல்லது. அம்பர் மாலை நோவைத் தணிப்பதற்குச் சான்று எதுவுமில்லை. பகல் நித்திரையில் அந்த மாலை கழுத்தை இறுக்கி 18 மாதக் குழந்தை ஒன்று இறந்ததை அதே நிர்வாகம் 2018 இல் வெளியிட்ட எச்சரிக்கையில் குறிப்பிட்டது. 2008 இல் நைஜீரியாவில் பல் முளைக்கும் பிள்ளைகளுக்கென விற்ற பாணி ஒன்றில் நச்சு இரசாயனம் கலந்திருந்ததால் எண்பதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இங்கிலாந்தில் பல் முளைக்கும் பிள்ளைகளுக்கென விற்ற, பாதரசம் கலந்த தூள் 1950களின் நடுப்பகுதி வரை கடைகளில் கிடைத்தது. கையும் காலும் சிவந்து தோலுரிந்து பிள்ளைகள் வாடிய நோய்க்கு அந்தத் தூளே காரணம் என்பதை வைத்தியர்கள் கண்டுபிடிக்கவே பல பத்தாண்டுகள் சென்றன. தானாக முளைத்துவிடும் ஒரு பல்லுக்காக இத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

ஆசிரியர் அவர்களே, தங்கள் பத்திரிகையின் வழியாகச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். கிளினிக்கில் சொல்லப்படுவதெல்லாம் தாயின் காதில் விழுகிறது. பகலில் பிள்ளையை வைத்திருக்கும் எங்கள் காதில் விழுவதில்லை. போரில் கணவனை இழந்த பெண்களின் வீடுகளும், தாய் வேலைக்குப் போகும் வீடுகளும் வன்னியில் எத்தனை என்று அதிகாரிகளுக்குத் தெரியும். அந்த வீடுகளில் மருந்து கொடுப்பதா, வைத்தியசாலைக்குப் போவதா என்று பகலில் முடிவெடுப்பது வெற்றிலைத் தட்டோடு திண்ணையில் இருக்கும் கிழவிதான். ஆறாம் மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுவரும் நாளில், வீட்டில் பிள்ளை பார்ப்பவரையும் கூட்டி வரும்படி சொல்லி, அரை மணித்தியாலம் எங்களோடு கதையுங்கள். எங்களைக் கண்டிக்காமல், எங்கள் கைமருந்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, எது நல்லது, எது கூடாது, ஏன் கூடாது என்று சொல்லுங்கள். காரணம் சொன்னால் நாங்கள் கேட்போம். காரணம் சொல்லாமல் "கூடாது" என்று மட்டும் சொன்னால் வீட்டுக்கு வந்து பழையபடிதான் செய்வோம். மருந்துக் கடைக்காரர் பிள்ளையின் வயதையும் நிறையையும் கேட்காமல் பாணி விற்காதிருக்கவும், கொடுக்கும் அளவைப் போத்தலில் தமிழில் எழுதி ஒட்டவும் அதிகாரிகள் வழி செய்ய வேண்டும். என் பேரனுக்குத் தந்த போத்தலில் ஒரு சொல்கூட எனக்கு வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கவில்லை. முப்பது வருடம் தமிழ் படிப்பித்த ஆசிரியை நான்.

அயல் வீட்டுப் பிள்ளையின் கழுத்திலிருந்த மாலையை மறுநாள் காலையில் போய், அவனது அப்பம்மாவோடு இருந்து கதைத்துக் கழற்றுவித்தேன். தேனைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன். இரவில் ஈரத்துணி கொடுப்பதாகவும், மேல் முரசிலும் இப்போது இரண்டு இடம் தடித்திருப்பதாகவும் நேற்று வேலிக்கு மேலாகச் சொன்னார்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான்.